எட்டில் நான்கு பழசு

ஜூன் 9

தம்பிக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில். முதலில் விஷயம். நீ மாட்டிக் கொடுத்த சோலார் கரண்ட் படுத்துவிட்டது.

மழை பிடித்ததிலிருந்து இப்படித்தான். பகலெல்லாம் மேகம். உன் பேனல்கள் ஆஸ்பத்திரிக் கூரைமேல் சும்மா நனைந்துகொண்டிருக்கின்றன. சாயங்காலம் பிரசவ அறையில் விளக்கைப் போட்டால் காமாலை வந்தது மாதிரி எரிகிறது. விடிவதற்குள் மருந்துக் குளிர்ப்பெட்டி கீ கீ என்று கத்த ஆரம்பிக்கிறது. அதற்குள் குழந்தைகளின் தடுப்பூசி இருக்கிறது. பிரசவம் ஆனதும் ரத்தப்போக்கு நிற்கப் போடும் ஊசி மருந்தும் இருக்கிறது. அது சூட்டில் வீரியம் இழந்துவிட்டால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கெட்டதும் தண்ணீர் போலத்தான் இருக்கும், நல்லதும் தண்ணீர் போலத்தான் இருக்கும்.

ஜெனரேட்டரை நீ சொன்னபடிதான் ஓட்டுகிறேன். "சாயங்காலம் ஆன் பண்ணிடுக்கா. பச்சை விளக்கு எரியிற வரைக்கும் ஓடட்டும். சின்னக் குழந்தைகூடச் செய்யும்" என்று சொல்லிவிட்டுப் போனாய். அந்தப் பச்சை விளக்கு எரியவே மாட்டேன் என்கிறது. டீசல்தான் தண்ணீராய்ப் போகிறது. படகுக்காரர் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து கேன் கேனாகக் கொண்டுவந்து படியில் இறக்குகிறார். நேற்று சொன்னார்: "நர்ஸம்மா, இந்தத் தீவுல இருக்கிற குடிகாரங்க எல்லாரையும் வரிசையா நிக்க வச்சாலும் உங்க மிஷின்கிட்ட தோத்துடுவாங்க."

திறப்பு விழாவில் நீ மைக்கைப் பிடித்து, "எங்க அக்கா ஆஸ்பத்திரிங்கிறதால ஸ்பெஷலா பண்ணியிருக்கேன்" என்றாய். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அந்த ஸ்பெஷல் என்னவென்று வந்து பார்த்துவிட்டுப் போ.

இங்கே போன் எடுக்காது என்பது உனக்குத் தெரியும். படகுக்காரர் கையில் கடிதம் கொடுத்து அனுப்பினால் அவரே அக்கரையில் தபாலில் சேர்த்துவிடுவார். பதிலையும் அவரே கொண்டுவருவார். சாக்குச் சொல்லாமல் எழுது.

அம்மா எப்படி இருக்கிறாள்?

அக்கா

---

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பிரித்ததுமே கை சுட்டது. நர்ஸ் வேலைக்குப் போகாமல் வக்கீலுக்குப் படித்திருக்கலாம் நீ.

இப்போது வர முடியாது. ஒரு பெரிய பண்ணைக்கு வேலை எடுத்திருக்கிறேன். ஆட்கள் என்னை நம்பி நிற்கிறார்கள். ஆனால் உன் பிரச்சினைக்கு நான் வரவே தேவையில்லை.

சாயங்காலம் ஓட்டச் சொன்னேனா? கிளம்புகிற அவசரத்தில் சொல்லியிருப்பேன். அதை மறந்துவிடு. ஜெனரேட்டரைக் காலையில் ஓட்ட வேண்டும். இரவெல்லாம் குளிர்ப்பெட்டி இழுத்ததில் விடியும்போது பேட்டரி கொலைப்பட்டினியாக இருக்கும். அந்தப் பசியில் கொடுப்பதை வேகவேகமாக வாங்கிக்கொள்ளும். முக்கால் வயிறு நிரம்பிய பிறகு மெல்ல மெல்லத்தான் ஏறும். அந்தக் கடைசிக் கால் வயிற்றுக்காக நீ மணிக்கணக்கில் டீசலை எரித்திருக்கிறாய். அதை வெயிலுக்கு விட்டுவிடு. மேகமாக இருந்தாலும் பேனல் கொஞ்சமாவது ஊட்டும். காலையில் ஜெனரேட்டர், பகலில் வெயில். இவ்வளவுதான் வித்தை. பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்காராதே.

பேட்டரி நிரம்பியதா என்று பார்க்க, அறை மூலையில் ரப்பர் குமிழ் வைத்த ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் தண்ணீரை அதில் உறிஞ்சு. மிதவை பச்சைக் கோட்டில் நின்றால் நிறைந்திருக்கிறது. சிவப்பில் அமிழ்ந்தால் காலி. அது ஆசிட், கையுறை போட்டுக்கொள். ஒரு பேட்டரியில் பார்த்தால் போதும். எட்டையும் திறந்து வைத்துக்கொண்டு உட்காராதே.

அம்மா நன்றாக இருக்கிறாள். "பெரியவ எப்பவும் குத்தம்தான் சொல்லுவா" என்கிறாள். நான் சொல்லவில்லை, அவள்தான் சொல்கிறாள்.

தம்பி

---

ஜூன் 20

தம்பிக்கு,

நீ சொன்னபடி காலையில் ஓட்டினேன். டீசல் செலவு குறைந்தது. அதற்கு நன்றி. ஆனால் குளிர்ப்பெட்டி இன்னும் விடிவதற்குள் கத்துகிறது.

ஒரு பேட்டரியில் பார்த்தால் போதும் என்று எழுதியிருந்தாய். ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் பார்த்துவிட்டு வார்டு முழுக்க அதையே எழுதி வைக்கிற பழக்கம் எனக்கில்லை. எட்டையும் பார்த்தேன். நல்ல வெயில் அடித்த நாளின் சாயங்காலத்தில் பார்த்தேன். முன் வரிசையில் இருக்கிற நான்கிலும் மிதவை பச்சைக்குப் பக்கத்தில் நிற்கிறது. சுவரோரம் இருக்கிற நான்கிலும் கல்லைப் போட்டதுபோல் சிவப்பில் போய் உட்கார்ந்துவிட்டது. மறுநாளும் பார்த்தேன். அதே கதை.

ஈரத்தில் சுவரோரப் பேட்டரி ஒன்றின் லேபிள் மூலை தூக்கிக்கொண்டிருந்தது. உன் கடை லேபிள்தான், பளபளவென்று. லேசாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. கீழே இன்னொரு லேபிள். மலைக்காட்டுக்குள் ஒரு விருந்தினர் விடுதிக்கு வேலை செய்தாயே, அந்த விடுதியின் பெயர் அதில் இருக்கிறது. "பழசையெல்லாம் கழட்டிட்டு அவங்களுக்குப் புதுசா மாட்டிக் கொடுத்தேன்" என்று அப்போது வீட்டில் உட்கார்ந்து நீ பெருமையடித்ததை நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். கழற்றிய பழசு எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

மற்ற மூன்றிலும் அதே பெயர்தான்.

எனக்கு ஒன்றே ஒன்று சொல். சுவரோரம் இருக்கும் நான்கும் மின்சாரத்தைச் சேர்த்து வைப்பதில்லை, நல்ல நான்கு சேர்த்ததையும் அவையே குடித்துவிடுகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு வரிசையையும் சேர்க்கிற வயர் ஒன்றுதான் இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு நல்ல நான்கை மட்டும் வைத்து ஓட்டட்டுமா? விளக்கில்லாமல் நான் சமாளித்துக்கொள்கிறேன். குளிர்ப்பெட்டிக்கு மட்டும் தாங்குமா?

இதற்குப் பதில் எழுதிவிட்டு மற்றதை எழுது.

அக்கா

---

ஜூன் 25

அக்காவுக்கு,

கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள். நான் ஒன்றும் ஆளைக் கொன்றுவிடவில்லை.

எட்டுக்குத்தான் ஆர்டர் கொடுத்தேன். வந்தது நான்கு. மீதி இன்று வரும் நாளை வரும் என்று கம்பெனிக்காரன் இழுத்தடித்தான். திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாயிற்று. பந்தல் போட்டாயிற்று. மந்திரியின் உதவியாளர் தினம் போன் செய்து, "என்ன தம்பி, ரெடியா?" என்கிறார். ரெடியில்லை என்று சொல்லியிருந்தால் அன்றோடு அரசாங்க வேலை எனக்குக் கிடையாது. விடுதியில் கழற்றியவை குடோனில் இருந்தன. மழை வருவதற்குள் மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் பண்ணை வேலை வந்தது, அப்படியே நகர்ந்துவிட்டது. இந்தத் தொழிலில் இதைச் செய்யாதவன் ஒருவனைக் காட்டு, நான் கடையை மூடுகிறேன்.

நீ கேட்டதற்குப் பதில்: தாங்கும். நல்ல நான்கு குளிர்ப்பெட்டிக்குப் போதும். ஆனால் அந்த வயரில் கை வைக்காதே. அடுத்த மாதம் சோதனைக்கு மின்சார இன்ஸ்பெக்டர் வருகிறார். எட்டு இருக்கிற இடத்தில் நான்கு மட்டும் ஓடினால் ஏன் என்று கேட்பார். கேட்டால் லேபிளைப் பார்ப்பார். லேபிளைப் பார்த்தால் உன் தம்பி காலி. இந்த மழை ஓயும்வரை டீசலைக் கூடுதலாக வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு வேளையும் ஓட்டு. மழை விட்டதும் நானே நான்கு புதுசைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். ஒருத்தருக்கும் தெரியாமல் மாற்றிவிடலாம்.

கிழித்த லேபிளை ஒட்டிவிடு. கோந்து போட்டால் ஒட்டும்.

தம்பி

---

ஜூலை 12

தம்பிக்கு,

நீ கழற்றாதே என்றாய். நான் கழற்றவில்லை. முதலில் இதை எழுதி வைத்துவிடுகிறேன்.

போன வாரம் முழுக்க வெயிலைப் பார்க்கவில்லை. காலையிலும் மாலையிலும் ஜெனரேட்டரை ஓட்டினேன். டீசல் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. படகுக்காரரைக் கூப்பிட்டு அனுப்பி, போய்க் கொண்டுவாருங்கள் என்றேன். அவர் தயங்கினார். அவர் மனைவிக்கு அது நிறைமாதம். கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்து உண்டான பிள்ளை.

"இவளுக்கு நாள் நெருங்குதே நர்ஸம்மா."

"அதுக்குத்தானே நான் இருக்கேன். டீசல் இல்லன்னா பெட்டி நின்னுடும். வெளிச்சம் இருக்கும்போதே வந்துடலாம், போங்க."

போனார். அவர் அக்கரை சேர்ந்த பிறகு ஆறு ஏறியது. மேலே எங்கேயோ அணையைத் திறந்துவிட்டார்களாம். மரமெல்லாம் வேரோடு மிதந்து வந்தது. படகு என்ன, பறவைகூட அந்தத் தண்ணீருக்கு மேல் தாழப் பறக்கவில்லை. அவர் அக்கரையில் கேன்களோடு நிற்பது இங்கிருந்து புள்ளியாகத் தெரிந்தது. மூன்று நாள் அங்கேயேதான் நின்றார்.

முதல் நாளே ஜெனரேட்டர் நின்றது. அன்றே குளிர்ப்பெட்டியும் நின்றது. ஈரத்துணியைச் சுற்றினேன். மருந்தை மண்பானைக்குள் வைத்துத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினேன். பெட்டிக்குள் இருக்கிற வெப்பமானியும் அறையில் தொங்குகிற வெப்பமானியும் ஒரே எண்ணைக் காட்டின. அப்போதுதான் அந்த வயரைப் பிடுங்கினேன். ஆனால் பழசு நான்கும் நல்ல நான்கை அதற்குள் உறிஞ்சித் தீர்த்திருந்தன. ஏற்றுவதற்கு வெயிலும் இல்லை, டீசலும் இல்லை.

மூன்றாம் நாள் காலையில் அவர் மனைவிக்கு வலி எடுத்தது. பிரசவத்தில் ஒரு குறையும் இல்லை. பெண் குழந்தை, வந்ததுமே கத்தியது. அவள் தலையைத் தூக்கி, "யாரு மாதிரி இருக்கு நர்ஸம்மா?" என்றாள். "உங்க வீட்டுக்காரரை உரிச்சு வச்ச மாதிரி" என்றேன். "ஐயோ பாவம்" என்று சிரித்தாள்.

அதற்குப் பிறகுதான் ரத்தம் நிற்கவில்லை. ரத்தத்தை நிறுத்தும் மாத்திரை கையிருப்பு தீர்ந்திருந்தது. அதுவும் அக்கரையில்தான் வந்து கிடந்தது. என்னிடம் இருந்தது மூன்று நாள் சூட்டில் கிடந்த ஊசி மருந்து. போட்டேன். இன்னொன்றும் போட்டேன். குழாய்த் தண்ணீரை ஏற்றியது போலத்தான் இருந்தது. அடிவயிற்றைப் பிடித்து அழுத்திக்கொண்டே இருந்தேன். கை மரத்துப்போனபோது உதவிக்கு வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணை அழுத்தச் சொன்னேன். அவள் ஓய்ந்தபோது மறுபடி நான். "குளிருது" என்றாள். போர்த்தினேன். அப்புறம் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் தண்ணீர் வடிந்தது. அவர் வந்தார். படகைக் கட்டிவிட்டு, இரண்டு கையிலும் கேனோடு படியேறினார். என்னைப் பார்த்ததும் கேனைக்கூடக் கீழே வைக்காமல், "பொண்ணா, பையனா?" என்று கேட்டார்.

வேறொன்றும் எழுத வரவில்லை.

அக்கா

---

ஜூலை 17

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சோறு இறங்கவில்லை. அந்தப் படகுக்காரரை எனக்குத் தெரியும். பேட்டரிகளை ஏற்றிக்கொண்டு வந்த அன்று, "தம்பி, படகு முழுகிட்டா உங்க கரண்டு மீனுக்குத்தான்" என்று சிரிக்கவைத்த மனுஷன். அவருக்கா இப்படி?

ஒன்று கேட்கிறேன். கோபப்படாமல் கடைசிவரை படி.

இதை விசாரிக்க மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி வருவார். குளிர்ப்பெட்டி ஏன் நின்றது என்று கேட்பார். இதற்கு இரண்டு பதில்தான் இருக்கிறது. ஒன்று, பேட்டரி சரியில்லை. இன்னொன்று, ஜெனரேட்டரை ஓட்டத் தெரியாமல் ஓட்டி டீசலை வீணாக்கியாயிற்று. முதல் பதிலைச் சொன்னால் என் உரிமம் போகும், கேஸ் வரும், என்னை நம்பியிருக்கிற ஆட்கள் தெருவுக்கு வருவார்கள். இரண்டாவதைச் சொன்னால் உனக்கு என்ன ஆகும்? அரசாங்க உத்தியோகம். ஒரு மெமோ, மிஞ்சினால் ஒரு மாற்றல். அந்தத் தீவை விட்டு வெளியே வர உனக்கும் ஒரு வழி. நீயும் ஆரம்பத்தில் சாயங்காலம்தானே ஓட்டினாய்? அது பொய்யில்லையே.

அதோடு, பிரசவத்தில் இறப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. ஊசி நன்றாக இருந்திருந்தாலும் அந்தப் பெண் பிழைத்திருப்பாள் என்று யாராவது எழுதிக் கொடுப்பார்களா? உன்னாலேயே கொடுக்க முடியாது.

சம்மதம் என்று ஒரு வரி எழுதிப் போடு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். அம்மாவும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். "கூடப் பொறந்தவனைக் காட்டிக் குடுக்க மாட்டா, எழுது" என்கிறாள்.

உன் தம்பி

---

ஜூலை 27

தம்பிக்கு,

அதிகாரி வந்துவிட்டுப் போய்விட்டார். உன் கடிதம் அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் வந்தது. சம்மதமா என்று கேட்டு நீ அதை எழுதியது பதினேழாம் தேதி. நீ கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்த வாக்குமூலத்தில் இருப்பது பதினைந்தாம் தேதி. அவர் என் மேஜைமேல் அதை விரித்து வைத்தார். "பொறுப்பு நர்ஸ், சொல்லிக் கொடுத்த முறைக்கு மாறாக ஜெனரேட்டரை இயக்கியதால்" என்று ஆரம்பிக்கிறது. உன் கையெழுத்து நன்றாகவே விழுந்திருக்கிறது.

செய்து முடித்துவிட்டுக் கேட்டிருக்கிறாய். கேட்காமலே இருந்திருக்கலாம் நீ.

அதிகாரி தங்கமான மனிதர் இல்லை, கெட்டவரும் இல்லை. வேலையை முடித்துவிட்டு வெளிச்சத்திலேயே படகு ஏறிவிட வேண்டும் என்ற கவலை அவருக்கு. "என்னம்மா, இதுல சொல்லியிருக்கிறது சரிதானே? ஒரு கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா முடிஞ்சுது" என்றார்.

"கொஞ்சம் பேட்டரி ரூமுக்கு வாங்க சார்."

"நான் அதைப் பாத்து என்னம்மா பண்ணப்போறேன்?"

"லேபிள் படிக்கத் தெரியுமில்ல, அது போதும்."

சுவரோரம் கூட்டிப்போய் நான்கு லேபிளையும் அவர் கண்ணெதிரே உரித்தேன். கண்ணாடிக் குழாயால் எட்டையும் உறிஞ்சிக் காட்டினேன். பிறகு உன் கடிதங்களைக் கொடுத்தேன். வயரில் கை வைக்காதே என்று எழுதினாயே, அதை இரண்டு தடவை படித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "அப்போ உங்களுக்கு முன்னாடியே தெரியும்" என்றார். தெரியும் என்று எழுதியே கொடுத்திருக்கிறேன். ஆரம்பத்தில் சாயங்காலம் ஓட்டியதையும் எழுதினேன். தம்பிக்காக வயரைக் கழற்றாமல் விட்டேன் என்பதையும் எழுதினேன். நீ மட்டும் மாட்டிக்கொள்ளவில்லை, சந்தோஷப்படு.

அதிகாரி வருவதற்கு முதல் நாள் படகுக்காரர் வீட்டுக்குப் போனேன். அதிகாரி வாயால் அவருக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். குழந்தை அவர் தங்கை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அவர் வலை பின்னுகிற கயிற்றைச் சும்மா கையில் சுற்றிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். உன் பெயரை மறைக்கவில்லை.

"அந்த நாலையும் முன்னாடியே கழட்டியிருந்தா பெட்டி ஓடியிருக்குமா?"

"ஓடியிருக்கும்."

"ஊசி வேலை செஞ்சிருக்குமா?"

"செஞ்சிருக்கலாம். கண்டிப்பான்னு என்னால சொல்ல முடியாது."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அதுக்கு ரெண்டு வாரம் முந்தியே."

கயிற்றைச் சுற்றுவதை நிறுத்தினார். "அப்பவும் என்னைத்தான் டீசலுக்கு அனுப்பினீங்க" என்றார். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார்.

இன்றும் கடிதங்களை அவர்தான் கொண்டுபோகிறார், கொண்டுவருகிறார். இதையும் அவர்தான் எடுத்துப்போவார். ஆனால் அன்றிலிருந்து என்னை நர்ஸம்மா என்று கூப்பிடுவதில்லை.

அக்கா

---

ஆகஸ்ட் 8

நர்ஸம்மாவுக்கு,

அவர் கூப்பிடாவிட்டால் என்ன, நான் கூப்பிடுகிறேன்.

சந்தோஷமா? உரிமத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். பண்ணைக்காரர் வேலையைப் பாதியில் பிடுங்கி வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார். கடை வாசலில் போலீஸ்காரர் வந்து நின்றதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. நேற்றுவரை என்னிடம் கடனுக்கு பல்ப் வாங்கியவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறான். நீ அதிகாரியிடம் கொடுத்த கடிதங்கள் நான் உனக்கு எழுதியவை. உன் தம்பி அக்காவுக்கு எழுதியவை. அவற்றை நீ சாட்சியாக நீட்டியிருக்கிறாய்.

உன்னைப் படிக்க வைப்பதற்காக நான் படிப்பை நிறுத்திவிட்டு மின்சாரக் கடையில் உதவிக்குப் போனவன். இதை இதுவரை ஒரு நாளும் நான் வாயால் சொன்னதில்லை. இன்று சொல்கிறேன். அந்தப் படிப்பில் வந்த நேர்மையைத்தானே என்மேல் காட்டினாய்?

அம்மா உன் பெயரை எடுப்பதில்லை. யாராவது கேட்டால், "எனக்கு ஒரே பிள்ளை" என்கிறாள்.

இன்னொரு செய்தி. எட்டு பேட்டரியையும் புதிதாக வாங்கி, நானே என் கையால் மாட்டிக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. இந்த மாதக் கடைசியில் வருகிறேன். நான் வரும்போது நீ எதிரில் வராதே.

—

---

ஆகஸ்ட் 30

அக்கா,

உன் புது இடத்துக்குப் போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. மருந்துக் கிடங்கில் பெட்டி எண்ணுகிற வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நீ போன் எடுக்காததால்தான் எழுதுகிறேன்.

தீவுக்குப் போய்விட்டு வந்தேன். நான் போவதற்கு முதல் வாரமே நீ கிளம்பிவிட்டாயாம். எதிரில் வராதே என்று எழுதியவன் நான்தான். இருந்தாலும் ஆஸ்பத்திரிப் படியில் நீ இல்லாதது ஒரு மாதிரியாக இருந்தது.

ஆற்றைக் கடக்க வேறு படகு இல்லை. அவர்தான் வந்தார். "அந்த நாலையும் மாட்டினது நீங்கதான்" என்றார். ஆமாம் என்றேன். பேட்டரிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் படகில் அடுக்கினார். நான் ஒரு பக்கம் பிடிக்கப் போனால், "விடுங்க" என்று ஒதுக்கிவிட்டார். நடு ஆற்றில் துடுப்பை உள்ளே இழுத்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். படகு தன்பாட்டுக்கு மிதந்தது. எனக்கு நீச்சல் தெரியாது என்பது உனக்குத் தெரியும். "அண்ணே, என்னை..." என்று ஆரம்பித்தேன். என்ன சொல்ல வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் துடுப்பை எடுத்துப் போட ஆரம்பித்தார்.

இரண்டு நாள் வேலை. எட்டும் புதுசு, ஒரே மாதத்தில் கம்பெனியில் தயாரானவை. ஜெனரேட்டர் சூடு பிடித்துக் கரி அடைத்திருந்தது, அதையும் பிரித்துத் துடைத்தேன். காலையில் ஓட்டுகிற முறையைப் புது நர்ஸ் பெண்ணுக்குச் சொல்லி, அவள் கையாலேயே செய்ய வைத்துப் பார்த்தேன். குளிர்ப்பெட்டி இப்போது கத்துவதில்லை. வேலை முடியும்வரை அவர் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். கடைசியில் உள்ளே வந்து பெட்டியைத் திறந்து கையை உள்ளே விட்டுப் பார்த்தார். குளிர்ந்திருக்கிறதா என்று பார்த்திருப்பார். தலையை ஆட்டினார்.

திரும்பி வரும்போது அக்கரையில் என் கருவிப் பெட்டியை அவரே எடுத்து வெளியே வைத்தார். அக்கா, அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று நினைக்கிறேன். திட்டவில்லை, அடிக்கவில்லை, சபிக்கவில்லை. அவராலேயே முடிகிறபோது உன்னால் முடியாதா? நானும் கோபத்தில் என்னென்னவோ எழுதிவிட்டேன். அம்மா நேற்று தானாகவே, "அவ சாப்பிட்டாளோ என்னமோ" என்றாள். ஒரு தடவை வீட்டுக்கு வா.

தம்பி

---

செப்டம்பர் 6

தம்பிக்கு,

பேட்டரி மாட்டியதற்கும் ஜெனரேட்டரைத் துடைத்ததற்கும் நன்றி. புது நர்ஸும் எழுதியிருந்தாள்.

எனக்காக நீ படிப்பை விட்டாய் என்பது எனக்குத் தெரியும். நீ சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அதனால்தான் அந்த வயரைக் கழற்றாமல் விட்டேன். அந்தக் கணக்குக்கு ஒரு பெண்ணின் உயிரைக் கொடுத்துத் தீர்த்தாயிற்று. இனி அதைப் பற்றிப் பேசாதே.

வீட்டுக்கு இப்போது வரமாட்டேன். அம்மாவிடம் நான் சாப்பிட்டேன் என்று சொல்.

அவர் உன்னை மன்னித்துவிட்டார் என்று எழுதியிருக்கிறாய். நீ அப்படி நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நான் தீவை விட்டுக் கிளம்பிய அன்று என்னையும் என் பெட்டியையும் அவர்தான் அக்கரை சேர்த்தார். பாதி ஆறு தாண்டியபோது நான்தான் பேச்சை எடுத்தேன்.

"அடுத்த வாரம் என் தம்பி வருவான். உங்க படகுலதான் வந்தாகணும்."

"தெரியும்."

"அவனை ஒண்ணும் செஞ்சுடாதீங்க."

துடுப்பை இழுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "நடு ஆத்துல தள்ளிவிட்டுடலாம்னுதான் நெனச்சேன். தள்ளிவிட்டா பேட்டரிய யாரு மாட்டுறது? பாப்பாவுக்கு அடுத்த மாசம் தடுப்பூசி போடணும்."

நீ கரை சேர்ந்தது அதனால்தான். நான் எதனால் கரை சேர்ந்தேன் என்று அவரிடம் கேட்கவில்லை.

அக்கா